ஆழம் பார்க்கும் பணம்: தொடக்கநிலை ஆட்டிசம் ஆராய்ச்சிக்கான நிதி, ஓர் அறிமுகம்

ஆராய்ச்சி நிதி என்றதும் ஐந்தாண்டுத் திட்டமும் பெரிய ஆய்வுக்கூடமும் பத்துப் பதினைந்து பேர் கொண்ட குழுவும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அந்தப் பெரிய நிதிக்கு முன்னால் ஒரு சின்ன நிதி இருக்கிறது. ஓராண்டுக்கோ இரண்டாண்டுக்கோ வரும். ஒரு யோசனை தேறுமா தேறாதா என்று பார்த்துச் சொல்வதற்காக மட்டும் கொடுக்கப்படும். ஆய்வுக்கூடங்களில் இதைப் பைலட் கிராண்ட் என்றும் சீட் மணி என்றும் சொல்வார்கள். தமிழில் வெள்ளோட்டம் என்ற சொல் இதற்கு அப்படியே பொருந்துவதால், இந்தக் கட்டுரையில் இதை வெள்ளோட்ட நல்கை என்றே அழைக்கலாம்.

இந்தப் பணம் எதற்கு என்பதில் விண்ணப்பிப்பவர்களே குழம்புகிறார்கள். வெள்ளோட்டம் எதையும் நிரூபிப்பதற்காக நடப்பதில்லை. 'இதில் மேற்கொண்டு நேரமும் பணமும் போடலாமா?' என்ற ஒரே கேள்விக்கு நம்பத்தகுந்த பதில் வாங்கித் தருவதுதான் அதன் வேலை. 'போட வேண்டாம்' என்று பதில் வந்தாலும் கொடுத்த பணம் வேலை செய்துவிட்டது என்றுதான் கணக்கு.

முன்தரவு என்னும் முடிச்சு

பெரிய நல்கைக்கு விண்ணப்பித்தால் மதிப்பாய்வாளர்கள் முதலில் தேடுவது முன்தரவை. இந்தக் குழுவால் இந்தச் சோதனையைச் செய்ய முடியும், செய்தால் ஏதாவது தெரியவரும் என்பதற்கு முன்கூட்டியே ஆதாரம் கேட்பார்கள். அந்த ஆதாரத்தைத் திரட்டவும் பணம் வேண்டும். நீச்சல் தெரிந்தால்தான் தண்ணீரில் இறங்கலாம் என்று சொல்லிவிட்டு, தண்ணீரில் இறங்காமல் நீச்சல் கற்கச் சொல்வது போன்ற நிலை இது. அந்த முடிச்சை அவிழ்க்கத்தான் வெள்ளோட்ட நல்கைகள் வந்தன.

அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனமான என்ஐஹெச் தரும் இரண்டு நல்கைகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். ஆர்01 என்பது அங்கே வழக்கமான பெரிய நல்கை; ஐந்தாண்டு வரை ஓடும், ஆய்வுத் திட்டத்தை 12 பக்கங்களில் எழுதலாம். ஆர்21 என்பது தேடல் நிலை ஆய்வுக்கானது. இரண்டாண்டுக்கும் சேர்த்து நேரடிச் செலவு 2,75,000 டாலரைத் தாண்டக் கூடாது, எந்த ஓர் ஆண்டிலும் 2,00,000 டாலரைத் தாண்டக் கூடாது. ஆய்வுத் திட்டம் 6 பக்கம்தான். முன்தரவு கட்டாயமில்லை. முடிந்தபின் புதுப்பிக்கவும் முடியாது. தொடர வேண்டுமானால் வேறு நல்கைக்குப் போக வேண்டும். இதைவிடச் சிறியது ஆர்03, ஆண்டுக்கு 50,000 டாலர் வீதம் இரண்டாண்டுக்கு.

முன்தரவு கட்டாயமில்லை என்ற வரியை நம்பி வெறுங்கையோடு போவது புதியவர்கள் செய்யும் பிழை. மதிப்பாய்வாளரும் மனிதர்தான். இரண்டு விண்ணப்பங்களில் ஒன்றில் ஒரு சிறிய படம் இருந்து, அந்தக் கருவி அந்தக் குழுவின் கையில் வேலை செய்கிறது என்று அது காட்டினால், மற்றதைவிட அதற்கு மதிப்பெண் கூடத்தான் செய்யும். புதிய கண்டுபிடிப்பைக் காட்ட வேண்டியதில்லை. 'இந்த அளவீட்டை எங்களால் எடுக்க முடியும்' என்று காட்டினால் போதும்.

என்ஐஹெச் தவிர வேறு இடங்களும் உண்டு. நியூயார்க்கின் சைமன்ஸ் அறக்கட்டளை ஆட்டிசம் ஆராய்ச்சிக்கென்றே தனிப் பிரிவு வைத்து, வெள்ளோட்ட நிலைக்கென்று தனி நல்கை வகையும் வைத்திருக்கிறது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் கீழும் 2007-ல் ஆட்டிசம் ஆராய்ச்சித் திட்டம் ஒன்று தொடங்கியது. புதிய யோசனைகளை வளர்த்தெடுப்பதற்கான விருது அதன் நல்கை வகைகளில் ஒன்றாக இருந்திருக்கிறது. 2009-ல் தொடங்கிய ஆட்டிசம் சயின்ஸ் பவுண்டேஷன் இளம் ஆய்வாளர்களின் உதவித்தொகையில் கவனம் வைக்கிறது. பல பல்கலைக்கழகங்களும் தங்கள் ஆசிரியர்களுக்குச் சிறு தொகை ஒதுக்குகின்றன. அதற்கு விண்ணப்பிப்பது பெரும்பாலும் எளிது. முதல்முறை முயல்பவர் அங்கிருந்து தொடங்குவதே நல்லது.

ஒரு பானை, பல அரிசி

எந்தத் துறையிலும் வெள்ளோட்டம் தேவைதான். ஆட்டிசத்தில் கூடுதலாகத் தேவைப்படுகிறது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். ஒரே அரிசி, ஒரே உலையில் வெந்திருந்தால்தான் அந்தக் கணக்கு செல்லும். ஆட்டிசம் என்ற ஒரே பெயருக்குள் பேச்சே இல்லாத ஐந்து வயதுக் குழந்தையும் இருக்கிறது, கணினித் துறையில் வேலை பார்க்கும் நாற்பது வயதுக்காரரும் இருக்கிறார். நோயறிதல் முழுக்க நடத்தையைப் பார்த்துச் செய்யப்படுவது. உறுதிசெய்ய ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. மரபணுப் பக்கம் போனால் நூற்றுக்கும் மேற்பட்ட மரபணுக்கள் தொடர்புடையவை. சிஹெச்டி8, ஷாங்க்3, எஸ்சிஎன்2ஏ என்று அடிக்கடி பேசப்படும் பெயர்கள்கூட ஒவ்வொன்றும் மொத்த எண்ணிக்கையில் ஒரு சிறு துளியைத்தான் விளக்குகின்றன. ஆகவே இருபது பேரிடம் பார்த்தது அடுத்த இருபது பேரிடம் தெரியாமல் போவதில் வியப்பில்லை.

சிறிய ஆய்வை நிரூபணமாக எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்குச் சீக்ரெட்டின் கதையே போதும். சீக்ரெட்டின் என்பது குடல் சுரக்கும் ஒரு ஹார்மோன். வயிற்றுக் கோளாறைப் பரிசோதிக்க அதைச் செலுத்திய மூன்று ஆட்டிசக் குழந்தைகளுக்குப் பேச்சும் கண்பார்த்துப் பழகுவதும் கூடியதாக 1998-ல் ஓர் அறிக்கை வந்தது. மூன்றே மூன்று பேர். ஒப்பீட்டுக் குழு இல்லை. ஆயிரக்கணக்கான பெற்றோர் அந்த ஊசியைத் தேடி அலைந்தார்கள். 1999-ல் 60 குழந்தைகளைப் பிரித்து, பாதிப் பேருக்குச் சீக்ரெட்டினும் மீதிப் பேருக்கு உப்புநீரும் கொடுத்துப் பார்த்தபோது இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. கவனிக்க வேண்டியது இன்னொன்று: உப்புநீர் பெற்ற குழந்தைகளிடமும் முன்னேற்றம் பதிவாகியிருந்தது. எதிர்பார்ப்போடு பார்க்கும் பெற்றோரின் கண், குழந்தை இயல்பாகவே வளர்வது, மோசமான நாட்களில் ஆய்வுக்கு வந்து பிறகு தானாகவே தேறுவது என்று இதற்குப் பல காரணங்கள். ஒப்பீட்டுக் குழு இல்லாத வெள்ளோட்டத்தில் இவை எல்லாம் மருந்தின் கணக்கில் போய்ச் சேரும்.

அண்மைக் காலத்தில் புமெட்டனைடு என்ற சிறுநீர்ப் பெருக்கி மருந்துக்கும் ஏறத்தாழ இதுதான் நடந்தது. சிறிய சோதனைகள் நம்பிக்கை தந்தன. பெரிய மூன்றாம் கட்டச் சோதனைகள் இரண்டும் 2021-ல் பலன் தெரியாமல் நிறுத்தப்பட்டன. சிறிய சோதனைகளைச் செய்தவர்கள் தவறு செய்தார்கள் என்று இதற்குப் பொருளில்லை. சிறிய மாதிரியில் கிடைக்கும் விளைவின் அளவு இயல்பிலேயே ஊதிப்போனதாக இருக்கும். தற்செயலாகப் பெரிதாக விழுந்தவைதான் புள்ளியியலில் 'குறிப்பிடத்தக்கது' என்ற வாசலைத் தாண்டி வெளியே தெரிகின்றன, மற்றவை இழுப்பறையில் தங்கிவிடுகின்றன.

கேள்வியைச் சிறிதாக வெட்டுவது

நல்ல வெள்ளோட்ட விண்ணப்பத்துக்கும் சுமாரானதற்கும் உள்ள தூரம் பெரும்பாலும் கேள்வியிலேயே தெரிந்துவிடும். 'ஆட்டிசக் குழந்தைகளின் மூளை ஒலியை எப்படிக் கையாள்கிறது?' என்பது வாழ்நாள் கேள்வி. 'பேச்சு மிகக் குறைவாக உள்ள 4 முதல் 7 வயதுக் குழந்தைகளிடம், ஒலி கேட்கும்போது எழும் மூளை மின்னலையை (இஇஜி) பயன்படுத்தும் தரத்தில் பதிவுசெய்ய முடியுமா? ஒரே குழந்தையிடம் இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுத்தால் அதே அளவு வருகிறதா?' என்பது வெள்ளோட்டக் கேள்வி. பிந்தையதற்கு ஓராண்டில் பதில் சொல்லிவிடலாம். அது தெரியாமல் முந்தையதைத் தொடவே முடியாது.

இந்த எடுத்துக்காட்டையே கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். இஇஜி என்பது தலையில் மின்வாய்கள் பதித்த தொப்பியை மாட்டி மூளையின் மின்னலைகளைப் பதிவது. தொடு உணர்ச்சி மிகுந்த குழந்தைக்கு ஈரமான தொப்பி தலையில் இறங்குவதே பெரும் சோதனை. சில குழந்தைகள் பத்தாவது நொடியில் பிடுங்கிப் போட்டுவிடும். மாட்டிக்கொண்ட குழந்தை அசைந்தால், பல்லைக் கடித்தால், கண் சிமிட்டினால் அலை கெட்டுவிடும். ஆகவே நூறு முறை ஒலி கொடுத்தாலும் சுத்தமாகத் தேறுவது இருபதாக இருக்கலாம். ஒரு வாரம் முன்பே மாதிரித் தொப்பியை வீட்டுக்கு அனுப்பி, தினமும் சில நிமிடம் மாட்டிப் பழக்கச் சொன்னால் நிலைமை மாறலாம். மாறுகிறதா என்பதே அழகான வெள்ளோட்டக் கேள்விதான்.

இதற்கு 'நில், போ' விதிகளை, அதாவது எப்போது தொடர்வது, எப்போது நிறுத்துவது என்பதை, விண்ணப்பத்திலேயே எழுதிவிட வேண்டும். 30 குழந்தைகளில் 70 விழுக்காட்டினரிடமாவது, ஒவ்வோர் ஒலி வகைக்கும் 30 சுத்தமான பதிவுகள் கிடைத்தால் பெரிய ஆய்வுக்குப் போவோம். 50-க்கும் 70-க்கும் இடையில் நின்றால் முறையைத் திருத்தி மறுபடி பார்ப்போம். 50-க்குக் கீழே போனால் இந்த வழியைக் கைவிடுவோம். பச்சை, மஞ்சள், சிவப்பு என்ற போக்குவரத்து விளக்குதான். தரவு வந்தபின் விதி எழுதினால் எந்த விளக்கும் பச்சையாகத்தான் தெரியும்.

இந்த விதியிலும் ஓர் ஓட்டை உண்டு. 30 பேரில் 24 பேரிடம் தரவு கிடைத்தால் 80 விழுக்காடு, பச்சை விளக்கு. ஆனால் 30 பேர் என்பது சிறிய எண். உண்மையான விழுக்காடு ஏறக்குறைய 61 முதல் 92 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம் என்கிறது 95 விழுக்காட்டு நம்பக இடைவெளி. அதாவது மஞ்சள் பகுதியில் ஒரு பங்கும் உள்ளே வந்துவிடுகிறது. 60 பேரில் 48 பேர் என்றால் இடைவெளி ஏறக்குறைய 68 முதல் 89 ஆகச் சுருங்கும். இதை விண்ணப்பத்தில் ஒளிக்காமல் எழுதி, 30 பேர் ஏன் போதும் என்று ஒரு வரி சேர்ப்பவரை மதிப்பாய்வாளர்கள் நம்புகிறார்கள்.

எத்தனை பேர் வேண்டும்?

புள்ளியியல் ஆலோசகரிடம் கடைசி வாரத்தில் போய் நிற்பது பரவலான பழக்கம். அதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டிய மூன்று எண்கள் உண்டு. இரண்டு குழுக்களை ஒப்பிட்டு, 5 விழுக்காட்டு எல்லையில் (இல்லாத வேறுபாட்டை உண்டு என்று சொல்லிவிடும் வாய்ப்பு), 80 விழுக்காட்டுத் திறனோடு (இருக்கும் வேறுபாடு கண்ணில் படும் வாய்ப்பு) வேறுபாட்டைக் கண்டுபிடிக்க வேண்டுமானால்: வேறுபாடு பெரிதாக, அதாவது 0.8 திட்ட விலக்கமாக (திட்ட விலக்கம் என்பது தரவு சராசரியிலிருந்து சிதறும் அளவு) இருந்தால் குழுவுக்கு 26 பேர் போதும், 0.5 என்றால் 64 பேர், 0.2 என்றால் ஏறக்குறைய 394 பேர். ஆட்டிசத்தில் 0.8 என்பது அரிது. குழுவுக்கு 20 பேரை வைத்துக்கொண்டு 0.5 அளவு வேறுபாட்டைத் தேடினால், அது உண்மையிலேயே இருந்தாலும் கண்ணில் படும் வாய்ப்பு மூன்றில் ஒன்றுதான்.

ஆகவே வெள்ளோட்டத்தில் 'இரு குழுக்களுக்கும் வேறுபாடு உண்டா' என்பதை முதன்மைக் கேள்வியாக வைக்காமல் இருப்பதே புத்திசாலித்தனம். எத்தனை பேர் வருகிறார்கள், எத்தனை பேர் பாதியில் நின்றுவிடுகிறார்கள், அளவீடு எவ்வளவு சிதறுகிறது, மறுபடி எடுத்தால் நிலைக்கிறதா என்பவற்றைச் சிறிய எண்ணிக்கையிலேயே ஓரளவு மதிப்பிட முடியும். பெரிய ஆய்வைத் திட்டமிடத் தேவைப்படுபவையும் இவைதான். வெள்ளோட்டத்தில் கிடைத்த விளைவின் அளவை அப்படியே எடுத்துப் பெரிய ஆய்வின் மாதிரி அளவைக் கணக்கிட்டால், அந்த ஆய்வு பெரும்பாலும் தேவைக்குக் குறைவான ஆட்களோடு தொடங்கும். கவனிக்கத் தகுந்த மிகச் சிறிய வேறுபாடு எது என்று மருத்துவர்களிடமும் குடும்பங்களிடமும் கேட்டு, அதை வைத்துக் கணக்கிடுவது பாதுகாப்பானது.

இன்னொரு பொறி, ஒரே தரவில் இருபது சோதனைகள் ஓட்டிப் பார்ப்பது. எதிலும் உண்மையான விளைவு இல்லை என்றாலும், சோதனைகள் ஒன்றையொன்று சாராதவையாக இருந்தால், குறைந்தது ஒன்றாவது 5 விழுக்காட்டு எல்லையைத் தாண்டும் வாய்ப்பு 64 விழுக்காடு. தேடல் ஆய்வில் பலவற்றைப் பார்ப்பது குற்றமில்லை. பார்த்த இருபதையும் சொல்லாமல், தாண்டிய ஒன்றை மட்டும் சொல்வதுதான் குற்றம்.

எலி ஆய்வில் எண்ணிக்கையின் சிக்கல் வேறு வடிவில் வரும். ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகள் ஒரே தாயின் வயிற்றுச் சூழலையும் வளர்ப்பையும் பகிர்பவை. இரண்டு ஈற்றிலிருந்து எடுத்த பத்துக் குட்டிகளைப் பத்து என்று எண்ணுவது தவறு. ஈற்றையே அலகாகக் கொள்ள வேண்டும். ஸ்டெம் செல் ஆய்விலும் அப்படித்தான்: ஒரே நபரிடமிருந்து எடுத்த மூன்று செல் வரிசைகள் மூன்று நபர்கள் ஆகிவிடாது.

நாட்காட்டி சொல்லும் உண்மை

வெள்ளோட்டங்கள் தோற்பதற்கு அறிவியல் காரணமாக இருப்பதைவிட நாட்காட்டி காரணமாக இருப்பதே அதிகம். பன்னிரண்டு மாத நல்கையில் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலுக்கு இரண்டு மூன்று மாதம் போகும்; குழந்தைகள், அதிலும் சம்மதத்தைச் சொல்லில் தெரிவிக்க முடியாத குழந்தைகள் என்றால் கேள்விகள் கூடும். ஆய்வு உதவியாளரை வேலைக்கு எடுக்க இரண்டு மாதம். நோயறிதலை உறுதிசெய்யும் அடாஸ் மதிப்பீட்டை ஆராய்ச்சித் தரத்தில் செய்ய, பயிற்சியும், இடும் மதிப்பெண் மற்றவர்களுடையதோடு ஒத்துப்போகிறது என்ற சான்றும் பெற்றவர் வேண்டும். அவர் இல்லாவிட்டால் பயிற்சிக்கே பல மாதங்கள். இத்தனைக்கும் பின், வாரத்துக்கு ஒரு குழந்தை வீதம் வந்தால் 30 குழந்தைகளுக்கு ஏழு மாதம். கூட்டிப் பார்த்தால் பகுப்பாய்வுக்கு ஒரு நாள்கூட மிஞ்சாது.

அனுபவசாலிகள் நெறிமுறைக் குழுவின் விண்ணப்பத்தை நல்கை முடிவு வருவதற்கு முன்பே போட்டுவிடுகிறார்கள். என்ஐஹெச்சில் விண்ணப்பம் போட்டுப் பணம் வர ஒன்பது பத்து மாதம் ஆகும் என்பதால் அதற்கு நேரமும் இருக்கிறது.

உயிருள்ள மாதிரிகளின் காலத்தைக் குறுக்கவே முடியாது. எலிகளை இணைசேர்த்தால் குட்டி பிறக்க மூன்று வாரம், நடத்தைச் சோதனைக்கு ஏற்ற வயதுக்கு வர இன்னும் எட்டு வாரம். ஒரு மரபணுவின் ஒரு பிரதி மட்டும் பழுதான எலியை இயல்பான எலியோடு சேர்த்தால் குட்டிகளில் பாதிதான் பழுது கொண்டவை, அதிலும் பாதிதான் ஆண். எட்டுக் குட்டி ஈற்றில் தேவைப்படும் வகை இரண்டு. ஓர் ஈற்றுக்கு ஒன்று வீதம் பன்னிரண்டு ஆண் எலிகள் வேண்டுமானால் பன்னிரண்டு ஈற்று. வேறு இடத்திலிருந்து எலி வரவழைத்தால் தனிமைப்படுத்தல் காலமும் சேரும். தோல் செல்லிலிருந்து ஸ்டெம் செல் உருவாக்கிச் சரிபார்க்கச் சில மாதம், அதிலிருந்து நரம்பணு வளர்க்க மேலும் இரண்டு மூன்று மாதம். முதல் முயற்சியிலேயே எல்லாம் சரியாக வந்தால் இந்தக் கணக்கு, பெரும்பாலும் அப்படி வராது.

ஆள்சேர்ப்பே வேண்டாம் என்றால் ஏற்கெனவே திரட்டிய தரவைப் பயன்படுத்தலாம். புதியவர்களுக்கு இதைத்தான் முதலில் பரிந்துரைக்க வேண்டும். 2012-ல் பொதுவில் வைக்கப்பட்ட அபைடு தொகுப்பில் 17 இடங்களிலிருந்து 1,112 பேரின் மூளை ஸ்கேன்கள் இருக்கின்றன. சைமன்ஸ் அறக்கட்டளையின் தொகுப்பில் ஏறக்குறைய 2,600 குடும்பங்களின் மரபணு, நடத்தைத் தரவு உண்டு; 2016-ல் தொடங்கிய ஸ்பார்க் திட்டம் அதைவிடப் பல மடங்கு பெரியது. இறந்தவர்களின் குடும்பங்கள் தானமாகக் கொடுத்த மூளைத் திசுவுக்கு ஆட்டிசம் பிரெயின்நெட் என்ற திசு வங்கி இருக்கிறது. அனுமதி வாங்கவும் தரவைப் புரிந்துகொள்ளவும் நேரம் ஆகும். இடத்துக்கு இடம் ஸ்கேனர் வேறுபடுவதால், ஆட்டிசத்தின் அடையாளம் என்று கண்டுபிடித்தது கடைசியில் ஸ்கேனரின் அடையாளமாக இருந்துவிடும் ஆபத்தும் உண்டு. ஆனாலும் ஆறு மாதத்தில் முன்தரவு கையில் இருக்கும்.

பட்ஜெட்: மணிநேரத்தில் எண்ணுங்கள்

மேலே சொன்ன இஇஜி ஆய்வில் ஒரு குழந்தைக்கு ஆகும் வேலையைக் கூட்டிப் பார்க்கலாம். பெற்றோரிடம் வளர்ச்சி வரலாறு கேட்கும் ஏடிஐ நேர்காணல் இரண்டு மணி நேரம், அடாஸ் ஒரு மணி, மதிப்பெண் போட அரை மணி, அறிவுத்திறன் சோதனை ஒன்றரை மணி, இஇஜி வருகை இரண்டு மணி, தரவைச் சுத்தம் செய்ய இரண்டு மணி, தொலைபேசியும் நாள் மாற்றுவதும் ஒரு மணி. மொத்தம் பத்து மணி. முப்பது குழந்தைக்கு 300. அந்த முப்பது பேர் கிடைக்க ஐம்பது குடும்பங்களிடம் அரை மணி வீதம் பேச வேண்டியிருந்தால் இன்னும் 25. இஇஜிக்கு ஒருவர் கருவியிலும் ஒருவர் குழந்தையோடும் இருக்க வேண்டும் என்பதால் மேலும் 60. ஆக 385 மணி நேரம். இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுப்பதை இதில் சேர்க்கவே இல்லை. சேர்த்தால் இரண்டு பேர், இரண்டு மணி, அதோடு தரவுச் சுத்தம், முப்பது குழந்தைக்கு இன்னொரு 180. புதியவரின் பட்ஜெட்டில் மின்வாய்த் தொப்பிக்கு வரி இருக்கும், இந்த மணி நேரங்களுக்கு வரி இருக்காது. செலவின் பெரும்பகுதி ஆள்கூலிதான்.

மறைமுகச் செலவு என்று ஒன்று உண்டு: கட்டடம், மின்சாரம், கணக்குப் பிரிவு ஆகியவற்றுக்காக நிறுவனம் எடுத்துக்கொள்ளும் பங்கு. தனியார் அறக்கட்டளைகள் இதற்கு வரம்பு வைக்கும். மொத்த உச்சவரம்பு 3,00,000 டாலர், அதற்குள் மறைமுகச் செலவு நேரடிச் செலவில் 20 விழுக்காடு வரை என்று ஒரு நல்கை சொன்னால், பலர் 3,00,000-ல் 20 விழுக்காட்டைக் கழித்து 2,40,000 என்று எழுதிவிடுவார்கள். சரியான கணக்கு 3,00,000-ஐ 1.2-ஆல் வகுப்பது: நேரடிச் செலவு 2,50,000, மறைமுகச் செலவு 50,000. ஒரு கணக்குப் பிழையில் பத்தாயிரம் டாலர் கைவிட்டுப் போகிறது. ஆர்21-ன் 2,75,000 டாலர் வரம்போ நேரடிச் செலவுக்கு மட்டும். அங்கே மறைமுகச் செலவு மேல்சேர்க்கை. ஆகவே அறிவிப்பில் 'உள்ளடக்கியதா, நீங்கலாகவா' என்ற சொல்லை முதலில் தேட வேண்டும்.

மறந்துபோகும் வரிகள் இன்னும் சில. குடும்பங்களின் போக்குவரத்து, உடன்வரும் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள ஆள், வராமல் போன நாட்களுக்கான இழப்பு, தரவைப் பொதுக் களஞ்சியத்தில் சேர்க்கும் உழைப்பு. ஆட்டிசம் உள்ளவர்களையும் பெற்றோரையும் ஆலோசனைக் குழுவில் வைத்துக்கொண்டால் அவர்களுக்கும் ஊதியம் கொடுக்க வேண்டும். பேராசிரியருக்கு ஆலோசனைக் கட்டணம் உண்டு, இவர்களுக்குத் தேநீர் மட்டும் என்பது நியாயமில்லை. இந்தக் குழு வெறும் மரியாதைக்காக அல்ல. பிரிட்டனில் 2016-ல் ஆட்டிசம் உள்ளவர்கள், குடும்பத்தினர், மருத்துவர்கள் எல்லாரையும் கேட்டு ஆராய்ச்சி முன்னுரிமைப் பட்டியல் தயாரித்தபோது முதலிடத்துக்கு வந்தது மனநலப் பிரச்சினைகளைக் குறைப்பது எப்படி என்ற கேள்வி. ஆய்வுக்கூடத்துக்குள் மட்டும் உட்கார்ந்து யோசித்தால் அந்தக் கேள்வி முதலில் வந்திருக்குமா என்பது ஐயமே.

மதிப்பாய்வில் எங்கே அடிபடுகிறது

என்ஐஹெச்சில் ஒவ்வொரு மதிப்பாய்வாளரும் 1 முதல் 9 வரை மதிப்பெண் இடுவார். 1 தான் மிகச் சிறந்தது. சராசரியைப் பத்தால் பெருக்கி 10 முதல் 90 வரை இறுதி எண் வரும். கீழ்ப் பாதியில் விழும் விண்ணப்பங்கள் பெரும்பாலும் கூட்டத்தில் விவாதத்துக்கே வராது. அறக்கட்டளைகளில் முறை எளிது: பல இடங்களில் ஓரிரு பக்க முன்கடிதம் கேட்டு, பிடித்திருந்தால் மட்டும் முழு விண்ணப்பத்துக்கு அழைப்பார்கள்.

வெள்ளோட்ட விண்ணப்பங்களின் மேல் விழும் முதல் குறை பேராசை. இரண்டாண்டில் நான்கு நோக்கங்கள், மூன்று தொழில்நுட்பங்கள், ஒரே ஒரு ஆய்வு மாணவர். பெரிய விண்ணப்பத்தை எடுத்துப் பாதியாக வெட்டிக் கொண்டுவந்தது பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். இரண்டாவது, சீட்டுக்கட்டுக் கோபுரம்: முதல் நோக்கம் பலித்தால்தான் இரண்டாவதைத் தொடங்க முடியும் என்ற அமைப்பு. முதல் சீட்டு சரிந்தால் மொத்தமும் சரியும். இரண்டு நோக்கங்களும் தனித்தனியே நிற்க வேண்டும், அல்லது முதலாவது தோற்றால் என்ன செய்வோம் என்று எழுதியிருக்க வேண்டும். மூன்றாவது, ஆட்டிசத்தோடு உள்ள தொடர்பு மெலிந்திருப்பது. எலி தன்னைத்தானே அதிகமாக நக்கிச் சுத்தம் செய்துகொள்கிறது, ஆகவே ஆட்டிசம் என்று ஒரே தாவலாகத் தாவினால் யாரும் ஏற்கமாட்டார்கள்.

'கண்ணை மூடிக்கொண்டு வலை வீசுகிறார்கள்' என்ற குறிப்பும் அடிக்கடி வரும். தேடல் ஆய்வு என்றாலும் வலையை எந்த நீரில், எந்த மீனுக்காக வீசுகிறோம் என்று சொல்லத்தான் வேண்டும்.

திரும்பி வந்த விண்ணப்பத்தை மறுநாளே திருத்த உட்கார வேண்டாம். ஒரு வாரம் கழித்து மதிப்புரையைப் படித்தால், முட்டாள்தனமாகத் தோன்றிய கேள்வியும் சரியாக எழுதாததால் வந்த கேள்வி என்று தெரியும். நல்கை தரும் அமைப்பின் திட்ட அலுவலரிடம் பேசலாம். அதற்காகத்தான் அவர் இருக்கிறார். விண்ணப்பிக்கும் முன்பே ஒரு பக்கச் சுருக்கத்தை அவருக்கு அனுப்பி, இது உங்கள் எல்லைக்குள் வருமா என்று கேட்பது இன்னும் நல்லது. பொருந்தாத இடத்தில் மூன்று மாதம் உழைப்பதை அந்த ஒரு மின்னஞ்சல் தடுக்கும்.

பணம் முடியும்போது

காலம் போதவில்லை என்றால் கூடுதல் பணமில்லாத கால நீட்டிப்பு கேட்கலாம். முடிவுத் தேதிக்கு முன்பே கேட்க வேண்டும். தேதி கடந்தபின் பல இடங்களில் மீதிப் பணம் திரும்பிப் போய்விடும்.

அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தின் பணத்தில் மனிதர்களிடம் ஆய்வு செய்தால் தரவை அதன் களஞ்சியத்தில் சேர்க்க வேண்டும். அங்கே ஒவ்வொருவருக்கும் பெயருக்குப் பதில் ஓர் அடையாளக் குறியீடு உண்டு. அதை உருவாக்கப் பிறப்புச் சான்றிதழில் உள்ளபடி முழுப் பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர், பாலினம் ஆகியவை தேவை. அவை ஆய்வாளரின் கணினியை விட்டு வெளியே போகாது, குறியீடு மட்டுமே போகும். முதல் வருகையிலேயே பிறந்த ஊரைக் கேட்டு எழுதிக்கொள்ளாதவர்கள், ஆய்வு முடிந்தபின் முப்பது குடும்பங்களுக்கும் மறுபடி தொலைபேசியில் அழைக்க வேண்டியிருக்கும். எண் மாறியவர்கள், வீடு மாறியவர்கள் கிடைக்கமாட்டார்கள். தரவைப் பகிரும் சம்மதமும் அப்படியே: சம்மதப் படிவத்தில் அந்த வரி இல்லாவிட்டால், பின்னால் சேர்க்க நெறிமுறைக் குழுவிடமிருந்து எல்லாவற்றையும் மறுபடி தொடங்க வேண்டும்.

எதிர்மறை முடிவு வந்தவர்கள் செய்ய வேண்டிய வேலை கொஞ்சம் அதிகம். எத்தனை பேரை அழைத்தோம், எத்தனை பேர் தொப்பியைக் கழற்றினார்கள், எந்த வயதில் எந்த முறை தோற்றது என்பதை அட்டவணையாக்கி, பகுப்பாய்வு நிரலோடு, மதிப்பாய்வுக்கு முன்பே கட்டுரைகளை வெளியிடும் முன்பதிப்புத் தளத்திலாவது போட்டுவைக்க வேண்டும். அடுத்து அதே வழியில் போக நினைப்பவர் விண்ணப்பம் எழுதும் முன் தேடப்போவது அந்த அட்டவணையைத்தான்.